வாங்கி வைத்த கருவியை ஓட்டச் சொல்வதற்கு இத்தனை வழக்கா?

2016 நவம்பரில் மேரிலாந்து மாநிலம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம், அதாவது ஈபிஏவிடம், ஒரு மனு கொடுத்தது. கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒஹையோ, இந்தியானா, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் உள்ள 36 நிலக்கரி மின் அலகுகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவிகள் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டன. கோடையில் அவற்றை ஒழுங்காக ஓட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான். புதிதாக ஒரு போல்ட்டு நட்டுகூட வாங்கச் சொல்லவில்லை.

கருவி இருந்தும் ஏன் ஓட்டவில்லை? காசுதான். இவற்றில் முக்கியமான கருவி வேலை செய்யும் விதம் எளிது: புகையில் அம்மோனியாவைத் தெளித்து ஒரு வினையூக்கி அடுக்கு வழியாக விட்டால் நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரிந்துவிடும். ஆனால் அம்மோனியா சும்மா வருவதில்லை, வினையூக்கியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். இவ்வளவு மாசு விட்டுக்கொள்ளலாம் என்று உரிமை தரும் அனுமதிச் சீட்டு சந்தையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது. சீட்டை வாங்கிக்கொண்டு கருவியை அரைகுறையாக ஓட்டினார்கள். சட்டப்படி குற்றமே இல்லை. எனக்கு எரிச்சல் வருவதும் அங்கேதான்.

ஒஹையோப் புகையால் மேரிலாந்துக்கு என்ன? ஓசோன்தான், தரையருகே இருந்தால் மூச்சைக் கெடுக்கும் வாயு. அது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரே வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல் பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்து சமைவது அது. பகலில் உண்டானது இரவில் தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே கலையாமல் கிடக்கும்; மேல்காற்று அதைத் தள்ளிக்கொண்டு கிழக்கே வரும்; மறுநாள் வெயில் ஏறியதும் இங்குள்ள காற்றோடு கலந்து கீழே இறங்கும். நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஜூலையில் கைப்பேசியில் வரும் 'ஆரஞ்சு' எச்சரிக்கை தெரிந்திருக்கும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளையை மதியத்துக்கு மேல் மைதானத்துக்கு அனுப்பாதே என்று சொல்லும். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகை வந்தபோது ஆளாளுக்குப் படம் போட்டோம். ஓசோனைப் படம் எடுக்க முடியாது, அதனால் யாரும் பேசுவதும் இல்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். காற்றில் ஓசோனுக்கான தரநிலை நூறு கோடியில் 70 பங்கு. அதைத் தாண்டினால் தண்டனை தாண்டிய ஊருக்குத்தான். 2008ஆம் ஆண்டின் தரநிலையைக்கூட எட்டவில்லை என்று நியூயார்க், வட நியூஜெர்சி, கனெக்டிகட் சேர்ந்த வட்டாரத்தை 2022இல் 'மிகக் கடுமை' என்ற படிக்குத் தள்ளினார்கள். அப்படித் தள்ளினால் புதிதாக வரும் தொழிற்சாலைக்கு நிபந்தனைகள் கூடும், செலவு கூடும். ஒஹையோக்காரர் மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை கனெக்டிகட்காரர் கட்டுகிறார். ஒஹையோ ஆளுநர் ஏன் கவலைப்பட வேண்டும்? கனெக்டிகட்டில் அவருக்கு ஒரு ஓட்டும் இல்லையே.

இதைச் சொல்லும்போது நியூஜெர்சி யோக்கியம் போல் நான் எழுதக் கூடாது. நம் நெடுஞ்சாலை லாரிகளும், உச்ச வெயிலில் மட்டும் ஓடவிடும் பழைய டர்பைன்களும் கனெக்டிகட் கடற்கரைக்குத்தான் அனுப்புகின்றன. ஈபிஏவின் 2023 திட்டத்தில் மாசைக் குறைக்க வேண்டிய 23 மாநிலங்களில் நியூஜெர்சியும் ஒன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு மாநிலத்தின் மாசு இன்னொரு மாநிலம் தரநிலையை எட்டவிடாமல் கெடுக்கக் கூடாது என்று தூய காற்றுச் சட்டத்திலேயே 'நல்ல அண்டை' விதி இருக்கிறது. அதைச் செயல்படுத்த 2005இல் வந்த திட்டத்தை 2008இல் நீதிமன்றம் குறை சொன்னது. 2011இல் வந்ததை 2012இல் ரத்து செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் 6-2 என்று காப்பாற்றியது. குறைந்த செலவில் குறைக்க முடிந்தவர் முதலில் குறைக்கட்டும் என்ற கணக்கு நியாயமானதே என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார். அந்த வழக்கின் பெயரில் இருப்பது பென்சில்வேனியாவின் ஹோமர் சிட்டி மின் நிலையம். அதன் ஒரு புகைபோக்கி 371 மீட்டர், ஈஃபில் கோபுரத்தைவிட உயரம். அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை பக்கத்து ஊர்க்காரர் தலையில் இறங்காது, தூரத்தில் இருப்பவருக்குப் போய்விடும்.

இதே விதியின் கீழ் வந்த 2023 திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் தினசரி வரம்பு. கருவி உள்ள பெரிய நிலக்கரி அலகுகள், ஒவ்வொரு நாளும் ஒரு வரம்புக்கு மேல் போனால் கூடுதல் சீட்டுகளை இழக்க வேண்டும். பருவம் முழுக்கக் கூட்டிப் பார்த்துக் கணக்கை நேர்செய்தால் போதும் என்ற பழைய முறை, கொளுத்தும் நான்கு நாட்களில் மூச்சுத் திணறுகிறவருக்கு எதற்கு உதவும்?

2024 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்கள் மீது அந்தத் திட்டத்தைச் செயல்படுத்துவதை 5-4 என்று நிறுத்திவைத்தது. கீழ் நீதிமன்றங்களின் தடையால் 12 மாநிலங்கள் விலகி நிற்க, மீதி 11க்கு அதே கணக்கு பொருந்துமா என்று ஈபிஏ சரியாக விளக்கவில்லை என்பது காரணம். முதலில் வெளியான தீர்ப்பில் நீதிபதி கோர்சச் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குப் பதில், பல் மருத்துவர்கள் தரும் சிரிப்பு வாயுவின் பெயரை எழுதியிருந்தார், பிறகு திருத்தினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஈபிஏவே 2025 மார்ச்சில் இந்தத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்துவிட்டது.

23 மாநிலங்களை ஒரே கயிற்றில் கட்டினால் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் எல்லாம் அவிழும் என்று பார்த்தாகிவிட்டது. தினசரி வரம்பை மட்டும் தனி விதியாகக் கொண்டுவர வேண்டும். கருவி இருக்கிறதா, மே முதல் செப்டம்பர் வரை தினமும் ஓட்டு. இதில் எந்த மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்ற கணக்குச் சண்டையும் குறையும். அண்டை மாநிலம் மனு கொடுத்தால் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மேரிலாந்துக்கு 2018இல்தான் பதில் வந்தது, அதுவும் முடியாது என்று. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு சிறு பகுதி தவிர மற்றதில் ஈபிஏ பக்கமே நின்றது.

ஹோமர் சிட்டி 2023இல் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் புகைபோக்கிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில் தரவு மையங்களுக்காக 4,000 மெகாவாட்டுக்கு மேல் இயற்கை எரிவாயு மின் நிலையம் வரப்போகிறதாம். நிலக்கரியைவிடச் சுத்தம்தான், மறுக்கவில்லை. அதில் பொருத்தும் கருவியை ஜூலையில் ஓட்டியே தீர வேண்டும் என்று உரிமத்தில் எழுதச் சொல்லி இப்போதே கேட்க வேண்டியது நியூஜெர்சிக்காரர்களான நாம்தான்.