ஊசி நடுவில் நின்றால் எஞ்சின் பத்திரமா?

"டெம்பரேச்சர் ஊசி நடுவில் நின்றால் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, எச் (H, சூடு) பக்கம் போனால் ஹெட் காஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது." திருகோணமலையில் கெப் ஓட்டுபவர்களிடையே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

ஊசியை ஆட்டும் சென்சர் அளப்பது தன் முனையைத் தொடும் கூலன்டின் (எஞ்சினை ஆற்றும் நீரின்) சூட்டை மட்டும். கூலன்ட் ஒழுகிக் குறைந்தால் முனை வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதிக்கும்போதே ஊசி கீழே இறங்கலாம். கந்தளாய்ப் பக்கம் மீன் ஏற்றிப் போகையில் ஊசி திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள், உடனே ஓரமாக நிறுத்துங்கள். பல வண்டிகளில் 85 பாகையிலும் 100 பாகையிலும் ஊசி ஒரே இடத்தில்தான் நிற்கும்.

அப்புறம், நம் ஊர் உப்புக்காற்று. எர்த் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) முனையில் பச்சை பிடித்தாலும் ஊசி பொய் சொல்லும். ஹெட்லைட் போட்டதும் ஏறி, அணைத்ததும் இறங்குகிறதா? கூலன்ட் ஒரு நொடியில் அப்படிச் சூடாகி ஆறாது. எர்த்தைக் கழற்றி, சுரண்டி, இறுக்கிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள், வீண் செலவு.

கூலன்ட் மட்டத்தை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடி திறந்து பாருங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சும்.