ஈசிஜி நார்மல், அப்புறம்?

சலூன் நாற்காலியில் பாதித் தலை வெட்டியிருந்தபோது எழுந்து ஓடிய ஆள் நான். ஒரு பக்கம் மெஷின் ஓடியிருந்தது, இன்னொரு பக்கம் காடு. கழுத்தில் கட்டிய துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, காசுகூடக் கொடுக்காமல் ஆட்டோ பிடித்தேன். முதுகெல்லாம் முடித்துணுக்கு குத்த, அவசரப் பிரிவில் போய் நின்று "எனக்கு ஹார்ட் அட்டாக்" என்றேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், இப்போது நானும் சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பத்தவில்லை. விரல் நுனியும் உதடும் மரத்துவிட்டன. எதிரே கண்ணாடியில் தெரிந்த முகம் என்னுடையது மாதிரியே இல்லை. என் அப்பா மாரடைப்பில் போனபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தொன்று. மனசு வேறு எந்தக் கணக்கைப் போடும்?

ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்த்தார்கள். சில மணி நேரம் படுக்க வைத்து மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்கள். கடைசியில் ஓர் இளம் டாக்டர் வந்து, காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, "ஒண்ணுமில்லை சார், வீட்டுக்குப் போங்க" என்றார்.

இந்த "ஒண்ணுமில்லை"யைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த நாலு மாதத்தில் எக்கோ, டிரெட்மில், தைராய்டு, எண்டோஸ்கோபி என்று போகாத இடமில்லை. எல்லா இடத்திலும் அதே வார்த்தை. அதைக் கேட்கும்போது வரும் நிம்மதி சரியாக வண்டி ஸ்டாண்டு வரைக்கும்தான். சாவியைப் போடும்போதே, "ஒண்ணுமில்லை என்றால் அன்றைக்கு நெஞ்சைப் பிடித்தது எது? இவர்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லையோ?" என்று தொடங்கிவிடும். வீட்டில் அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். மாமா, எல்லாம் கேஸ்தான் என்று ஓமவாட்டர் வாங்கி வந்தார். நண்பன் ஒருவன், "நீ ரொம்ப யோசிக்கிற" என்றான். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவனும் சொல்லவில்லை.

ஆறாவதாகப் போனது மனநல மருத்துவரிடம். பைத்தியமா நமக்கு என்ற கூச்சத்தில், தெரிந்தவர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போனேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் வேகவேகமா, ஆழமா மூச்சு விடுங்க" என்றார். விட்டேன். முக்கால் நிமிடத்துக்குள் தலை கிறுகிறுத்தது, விரல் நுனி ஜிவ்வென்றது, உதட்டைச் சுற்றி மரத்தது.

"சலூன்ல வந்தது இதுதானே?"

இதேதான். அச்சு அசலாக இதேதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி நானே வரவழைக்கக்கூடிய ஒன்று எப்படி மாரடைப்பாகும்?

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும். கூடவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குவோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதுதான் கிறுகிறுப்பு. ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, உடம்பு பயன்படுத்தும் கால்சியத்தின் அளவு இறங்கும். விரலும் உதடும் மரப்பது அதனால். மூச்சு பத்தவில்லை என்று தவித்தேனே, அப்போது ஆக்சிஜன் நிறைவாகவே இருந்திருக்கிறது. இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு தானாக இறங்குமாம்.

இதற்குப் பெயரும் உண்டு: பேனிக் அட்டாக். அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதயக் கோளாறு எதுவும் தெரியாமலே நெஞ்சுவலியும் படபடப்பும் வருவதைப் பார்த்து, டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பேனிக் டிஸார்டர் தனி நோயாக இடம்பிடித்தது 1980-ல். அதாவது, முதலில் பார்த்த டாக்டரே "உங்க இதயம் நல்லா இருக்கு, ஆனா உங்களுக்கு வந்தது நிஜம், அதுக்கு இது பேரு" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அவசரப் பிரிவின் நெரிசல் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததில் நாலு மாதமும் கையிருப்பும் கரைந்தது எனக்குத்தான்.

நோயை நானே ஊட்டி வளர்த்த கதையும் இருக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். 98 காட்டும். சரி என்று வைப்பேன். ஒருவேளை பேட்டரி போயிருக்குமோ என்று மறுபடி எடுப்பேன். சிக்னலில் வண்டி நின்றால் கை தானாகக் கழுத்து நாடிக்குப் போகும். சட்டைப்பையில், யாரும் எழுதிக் கொடுக்காத சார்பிட்ரேட், அதாவது இதய நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை. சலூன் கிடையாது, சினிமாவில் நடுவரிசை கிடையாது, கடைசியில் கோயில் வரிசையும் கிடையாது. முடியை வீட்டில் மனைவிதான் வெட்டினாள், எப்படி என்று கேட்காதீர்கள். தப்பித்து ஓடும் ஒவ்வொரு தடவையும் "ஓடினதாலதான் பிழைச்சேன்" என்று மனசு எழுதிக்கொள்கிறது, இவற்றை ஒவ்வொன்றாகக் கீழே வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மாத்திரையும் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரம் பிடித்தது, முதல் வாரம் படபடப்பு அதிகமாகக்கூடச் செய்தது. "அடிமையாகிடுவ" என்று பயமுறுத்தாத சொந்தக்காரர் இல்லை. பழக்கமாகும் ஆபத்து இருப்பது பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் அல்பிரசோலம் வகைக்குத்தான் என்றும், எனக்குக் கொடுத்தது வேறு வகை, ஆனால் அதையும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றும் அவர் விளக்கினார்.

அப்புறம் வீட்டுப்பாடம். மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சு அடிப்பதை நாடி பார்க்காமல் அப்படியே விட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். ஆபீஸ் நாற்காலியில் சுற்ற வேண்டும். "அப்பா, எனக்கும் ஒரு சுத்து" என்று பொண்ணு வந்து நிற்பாள். எந்த உணர்வுகளைக் கண்டு ஓடினேனோ அவற்றையே வரவழைத்து, வந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் சிகிச்சை. முதல் தடவை வியர்த்துக் கொட்டியது. பத்தாவது தடவை அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு போல ஒரு சுகம் இல்லை.

இதைப் படித்துவிட்டு நெஞ்சுவலியை "ஓ, பேனிக்தான்" என்று யாரும் ஒதுக்கிவிடாதீர்கள். முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமலும் வரலாம். நடந்தாலோ படி ஏறினாலோ வரும் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி எதையும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் பயம் விடவில்லை என்பவர்களுக்கு அரசின் டெலி மனஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் அதே சலூனுக்குப் போனேன். பழைய பாக்கியோடு சேர்த்து முதலிலேயே காசை நீட்டினேன். கழுத்தில் துணி கட்டும்போது நெஞ்சு ஒரு தட்டு தட்டியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சீப்பை எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்: "அண்ணே, இன்னைக்கு ரெண்டு பக்கமும் வெட்டலாமா?"