சின்னமுத்து ஊசியும் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோவும்

இலங்கையின் வடக்கே வன்னியில் சின்னமுத்துத் (தட்டம்மை, measles) தடுப்பூசிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிக் கதை வந்தால் உடனே ஒரு வசனம் விழும்: "சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை." எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊசியே வேண்டாம் என்கிற குடும்பம் இங்கே மிகக் குறைவு. பிள்ளை வராமல் விடுவது பெரும்பாலும் நேரத்தாலும் தூரத்தாலும், யாரும் பதில் சொல்லாத சில சின்னக் கேள்விகளாலும்தான். அறிவித்தல் செய்பவர்கள் இவற்றை விட்டுவிட்டு "உயிர் காப்போம்" என்று பதாகை அடிக்கிறார்கள்.

சின்னமுத்து இலங்கையில் ஒழிந்துவிட்டதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் திரும்ப வந்தது. 2024 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் உட்பட ஒன்பது மாவட்டங்களில், ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்தே ஒரு மேலதிக ஊசி போட்டார்கள். வழமையான ஊசி ஒன்பதாம் மாதமும் மூன்றாம் வயதும். தடுப்பே இல்லாத ஊரென்றால் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு ஊசியும் ஏறியிருந்தால்தான் பரவல் நிற்கும். நூறு பிள்ளைகளில் பத்துப் பேர் தவறினாலே நோய்க்கு வழி திறந்துவிடும்.

முதலில் ஆட்டோ. ஓடிக்கொண்டே அறிவித்தால் வளவுக்குள் நிற்கிற ஒருவருக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் கேட்கும். அதில் பாதியை "அன்பார்ந்த பொதுமக்களே" தின்றுவிடுகிறது. இவ்வளவு போதும்: "ஒன்பது மாதப் பிள்ளை, மூன்று வயதுப் பிள்ளை. சின்னமுத்து ஊசி. வியாழன் காலை எட்டு மணி, முன்பள்ளி. கிளினிக் கொப்பி இல்லாட்டிலும் வாங்கோ." சந்தியிலும் சங்கக்கடையடியிலும் ஆட்டோவை நிற்பாட்டி மூன்று தரம் சொல்ல வேண்டும். வட்சப்பில் படம் போடுவதைவிட, ஊர் மிட்வைஃபின் குரலில் அரை நிமிடப் பதிவு கூடத் தூரம் போகும். ஏனென்றால் தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போன வீட்டில் பிள்ளையைத் தூக்கி வரப்போவது அம்மம்மா. அம்மம்மா கொண்டுவரலாமா என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தை யார் தீர்மானிப்பது? மாசி அரிவு வெட்டுக் காலத்தில் காலை பத்து மணிக்கு ஊசி வைத்தால் சனம் வராது. கமக்காரர் அமைப்பிடமும் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் கேட்டுவிட்டே நாள் குறிக்க வேண்டும். பின்னேரம் வைப்பதென்றால் காட்டோர ஊர்களில் யானை இறங்குமுன் சனம் வீடு போய்ச் சேர வேண்டும், கடைசி பஸ்ஸும் இருக்க வேண்டும்.

வதந்தி பிறக்கும் இடம் காய்ச்சல். இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. இரண்டாம், நாலாம், ஆறாம் மாத ஊசிக்கு அன்றிரவே காய்ச்சல் வரும்; தாய்மாருக்கு அது பழகிப்போன விசயம். சின்னமுத்து ஊசி அப்படியில்லை. ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மெல்லிய சிவப்புப் பருவும் வந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். "இண்டைக்கு இரவு பனடோல் குடுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எட்டாம் நாள் பிள்ளையின் உடம்பில் பருவைக் கண்ட தாய் என்ன நினைப்பாள்? ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது என்று. அடுத்த நாள் ஊர் முழுக்க அதே கதை. இன்னொன்று: பரவல் நேரத்தில், ஏற்கெனவே தொற்றிய பிள்ளைக்கும் ஊசி ஏறும். தொற்றிப் பத்து, பதினான்கு நாளில் நோய் வெளிப்படும்போது பழி ஊசிக்குத்தான் விழும். தொடர்பு ஏற்பட்டு 72 மணித்தியாலத்துக்குள் போட்டால் தடுக்கக்கூடும், பிந்தினால் உறுதியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வதந்திக்குப் பாதி வேலை போய்விடும். மீதிப் பாதிக்கு எட்டாம் நாளில் மிட்வைஃப் ஒரு கோல் எடுக்க வேண்டும்.

உடம்பில் பரு போட்டால் அது அம்மன் தந்த 'அம்மாள் வருத்தம்' என்று வேப்பிலை கட்டி, வற்றாப்பளைக் கண்ணகியம்மனுக்கு நேர்த்தி வைக்கிற வீட்டில் போய் அதை மூடநம்பிக்கை என்றால் படலை அடைபடும். நேர்த்தி இருக்கட்டும். பிள்ளை பால் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் அயர்ந்து கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி என்பது மட்டும் வீட்டாருக்கு மனதில் நிற்க வேண்டும். பூசகர் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் பரு போட்ட பிள்ளையை ஊசி வரிசைக்கோ வெளிநோயாளர் பிரிவு வாங்கிலுக்கோ கொண்டுவரக் கூடாது, முதலில் போன் எடுக்க வேண்டும். அந்தக் கிருமி நோயாளி எழும்பிப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை காற்றில் நிற்கும்.

ஊசி போடும் நிலையத்துப் பக்கமும் பிழை உண்டு. ஊசிமருந்தைக் கரைத்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியது குப்பைக்கு. அதனால் ஒரு பிள்ளைக்காகப் பல பேருக்கான குப்பியை உடைக்க மனம் வராமல் "அடுத்த கிழமை வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். பத்துக் கட்டை சைக்கிளில் வந்த தாய் அடுத்த கிழமை வருவாளா? பரவல் நேரத்தில் ஒரு பிள்ளை வந்தாலும் உடைக்க வேண்டும். வீணாகும் மருந்து வார்டில் ஒரு பிள்ளையைவிட மலிவு.

வளர்ந்தவர்கள் விசயம் வன்னிக்கே உரியது. 2009 க்கு முன் பிறந்த பலரின் கிளினிக் கொப்பி இடம்பெயர்வில் போய்விட்டது. போர் முடிவில் சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் குறைவு. கொப்பி கேட்டால் வெட்கப்பட்டு வரமாட்டார்கள். பதிவு இல்லையென்றால் போடாதவராக எடுத்துப் போடலாம், முன்பு போட்டிருந்தாலும் மேலதிக ஊசியால் கேடில்லை. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் கூடாது. போட்ட பெண்கள் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பேர், அடையாள அட்டை இலக்கம் எழுதும்போது எதற்கு, எங்கே போகும் என்பதைக் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். பட்டியலில் பேர் போவதை இந்த மண்ணில் யாரும் இலேசாக எடுப்பதில்லை. சீருடைக்காரர் அந்த மேசைக்குக் கிட்ட வராமலே இருக்கட்டும்.