‘மக்கள்’ என்றால் யார் யார்?

இலவசமாக எதையாவது அறிவித்தால் போதும், ‘ஜனரஞ்சக அரசியல்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். பாப்புலிசம், அதாவது மக்கள் பெயரைச் சொல்லிச் செய்யும் அரசியல் என்றால் இவ்வளவுதான் என்று நாமும் பழகிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொடுப்பது, கொடுக்காதது எல்லாம் வேறு கணக்கு. மேடையில் ஒருவர் ‘மக்கள்’ என்று சொல்லும்போது அதற்குள் யாரைச் சேர்க்கிறார், யாரைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அடுத்தவரைத் திட்டத்தான் பாப்புலிசம் என்ற சொல் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் 1890களில் அமெரிக்காவில் ஒரு கட்சிக்காரர்களுக்குப் பெயரே ‘பாப்புலிஸ்ட்’தான். கட்சியின் பெயர் மக்கள் கட்சி. 1892 ஜூலை 4 அன்று நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் கூடித் தங்கள் கொள்கை அறிக்கையை ஏற்றார்கள்.

அவர்கள் கோபம் நியாயமானது. தெற்கு மாநிலத்துப் பருத்தி விவசாயியையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை, உரம், வீட்டுக்கு மாவு என எல்லாமே கடைக்காரரிடம் கடன். ஈடு, இன்னும் முளைக்கவே முளைக்காத பருத்தி. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதல் விலை. அறுவடை முடிந்து கணக்கைப் பார்த்தால் பாக்கி நிற்கும். பாக்கி நிற்பதால் அடுத்த வருஷமும் அதே கடைதான். பருத்தி விலையோ சரிந்துகொண்டே போகிறது. இந்த மனிதரிடம் போய் ‘உணர்ச்சிவசப்படாதே’ என்று யார் சொல்வது?

வருமானம் கூடக் கூட ஏறும் வரி, நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்களான செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, ரயில்வேயை அரசே நடத்துவது, ரகசிய வாக்கெடுப்பு, இவையெல்லாம் ஒமாஹாவில் எழுந்த கோரிக்கைகள். அந்த வருஷத் தேர்தலில் அவர்களின் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கினார். 1896இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரயனையே ஆதரித்தார்கள், அவரும் தோற்றார், கட்சி கரைந்துபோனது. ஆனால் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் 1913இல் அரசியல் சட்டத் திருத்தங்களாகவே வந்துவிட்டன. பாப்புலிசம் என்றாலே ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அர்ஜென்டினாவில் அதிபர் பெரோன் ஆட்சியில்தான் 1947இல் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைத்தது. அதே ஆட்சிதான் 1951இல் தன்னை விமர்சித்த ‘லா பிரென்சா’ நாளிதழைப் பறித்துத் தனக்கு வேண்டிய தொழிற்சங்கத்திடம் கொடுத்தது. ‘மக்களே நான்தான்’ என்று ஆகிவிட்டால், எதிர்த்து எழுதுகிறவன் மக்களுக்கு விரோதி ஆகிவிடுகிறான். தேர்தலில் தோற்றால்கூட, தோற்றது நாமல்ல, ஏதோ சதி என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் அமெரிக்கத் தென்மாநிலமான ஜார்ஜியாவைச் சேர்ந்த டாம் வாட்சன். மக்கள் கட்சியின் பெரிய பேச்சாளர். வெள்ளை விவசாயியையும் கருப்பின விவசாயியையும் பார்த்து, உங்களைப் பிரித்து வைத்திருப்பதே தனித்தனியாகச் சுரண்டத்தான் என்று 1892இல் எழுதியவர். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அதே வாட்சன் 1906இல், கருப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறிப்பேன் என்று வாக்குக் கேட்ட ஆளுநர் வேட்பாளரை ஆதரித்தார். இரண்டே வருஷத்தில் அதற்கான சட்டமும் வந்தது. பிறகு அவர் பத்திரிகைகளில் கத்தோலிக்கர்கள் மீது வெறுப்பு, யூதர்கள் மீது வெறுப்பு. பணக்காரர்களைத் திட்டும் தொனி மட்டும் மாறவே இல்லை. அவருடைய ‘மக்கள்’தான் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தார்கள்.

1920இல் அவர் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கட்சி ஒமாஹாவில் கேட்ட அதே நேரடித் தேர்தல்தான். 1892இல் அவர் யாருக்காக எழுதினாரோ, அந்தக் கருப்பின விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அதில் ஓட்டு இல்லை.