ஃபிரேசியர் கட்சி

1970களின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்று பேச்செடுத்தால் முகமது அலியில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறோம். 1980இல் சென்னைக்கே வந்து போனவர் என்பதால் நமக்குப் பாசம் ஒரு படி கூடுதல். எனக்கும் அலியைப் பிடிக்கும். ஆனாலும் நான் அவரோடு மோதிய ஜோ ஃபிரேசியர் கட்சி.

வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்ததற்காக அலியின் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் அவரால் ரிங்கில் ஏற முடியவில்லை. அவருக்கு மீண்டும் உரிமம் தர வேண்டும் என்று பேசியவர்களில் ஃபிரேசியரும் ஒருவர்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1971 மார்ச் 8 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருவரும் மோதினார்கள். அதுவரை இருவருமே தோற்றதில்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். போர் எதிர்ப்பாளர்கள் அலி பக்கம் நின்றார்கள், எனவே ஃபிரேசியர் மறுபக்கத்து ஆளாகிவிட்டார். அவரை யாரும் கேட்கவே இல்லை. தென் கரோலினாவில் அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிட்ட ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, ஃபிலடெல்பியா இறைச்சிக்கூடத்தில் உழைத்தவர் அவர். அவரைப் பார்த்து, வெள்ளையருக்கு வால்பிடிப்பவன் என்றார் அலி. அந்தப் பேச்சை என்னால் இன்றும் ரசிக்க முடியவில்லை.

பதினைந்தாவது சுற்றில் ஃபிரேசியரின் இடக்கைக் குத்து ஒன்று அலியை மல்லாக்கச் சாய்த்தது. உடனே எழுந்துவிட்டார், அது அலி! ஆனால் தீர்ப்பு ஒருமனதாக ஃபிரேசியருக்கு. ஊரே சண்டையில் மூழ்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதே இரவில் பென்சில்வேனியாவில் ஒரு எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்துக் கோப்புகளை அள்ளிச் சென்றார்கள் போர் எதிர்ப்பாளர்கள். குடிமக்களை அரசு வேவு பார்த்தது அப்படித்தான் அம்பலமானது.

1973இல் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஃபிரேசியரை ஆறு முறை கீழே தள்ளினார். அதே ஆண்டு கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தார். மறு ஆண்டே கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி வீழ்த்தினார். யாரும் யாரையும் தவிர்க்கவில்லை. பொற்காலம் என்று நான் ஒப்புக்கொள்வது இதற்காகத்தான்.

1975இல் மணிலாவில் மீண்டும் அலியோடு மோதல். கண்கள் வீங்கி மூடிக்கொண்ட பிறகும் இறுதிச் சுற்றுக்குப் போகத் துடித்தார் ஃபிரேசியர். பயிற்சியாளர் எடி ஃபுட்ச் விடவில்லை.

ஃபிலடெல்பியாவில் ‘ராக்கி’ என்ற சினிமாவில் வரும் ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு 1980களிலேயே சிலை வந்துவிட்டது. அந்தப் படத்தில் அவன் தொங்கும் இறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பான். அது தன் கதை என்று சொல்லிக்கொண்டே இருந்தார் ஃபிரேசியர். 2011இல் இறந்தார். அவருக்கு அங்கே சிலை வைத்தது 2015இல்.