ரயிலில் முகக்கவரியை இறக்கிவிட்டுப் பேசுகிறவர்களுக்கு

நேற்றுக் காலை கோலாலம்பூரில், வங்சா மாஜு நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினேன். எதிரே நின்ற அண்ணன் ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். முகக்கவரி போட்டிருந்தார், மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். அதற்குள் போன் அடித்தது. முகக்கவரியைத் தாடைக்கு இழுத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜிட் ஜாமேக் வரை வண்டி பூமிக்கடியில்தான் போகும். அத்தனை நிறுத்தமும் பேசி முடித்து, போனைப் பையில் போட்ட பிறகு மறுபடி மூடிக்கொண்டார்.

எனக்கு 2020 ஞாபகம் வந்துவிட்டது. மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பங்சாரில் ஒரு பார்மசியில் வேலை பார்த்தேன். வீட்டிலேயே இருங்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்களால் இருக்க முடியவில்லை. காலை ரயிலில் என்னோடு வந்தவர்கள் பாதுகாவலர்கள், சூப்பர்மார்க்கெட் பிள்ளைகள், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா.

அந்த அக்காவின் கைப்பையில் இரண்டு பிளாஸ்டிக் பை இருக்கும். ஒன்றில் புது முகக்கவரி, இன்னொன்றில் கழற்றியது. கழற்றும்போது காதில் மாட்டும் கயிற்றை மட்டும்தான் தொடுவார். கதவோரம் நின்றுகொள்வார், கண்ணாலேயே வணக்கம் சொல்வார். ஒருநாள் ஏதோ கேட்டேன், பொறு என்று கையைக் காட்டினார். கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது, "உள்ள பேசாதம்மா, வெளிய எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்" என்றார்.

அப்போது எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது. நானோ கையுறை மாட்டிக்கொண்டு ரயிலில் பிடித்துக்கொள்ளும் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிருமி முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது, கம்பியைத் தொட்டு வருவது அபூர்வம் என்பது 2021-இல்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தெளிவானது. வாய் திறந்து பேசினால் நுண்துளிகள் கூடுதலாக வெளியே வரும். சத்தமாகப் பேசினால் இன்னும் கூடும். ரயில் சத்தத்தில் போன் பேசுகிறவர் எப்படிப் பேசுவார் என்று நமக்குத் தெரியும். ஜப்பானில் ரயிலுக்குள் போன் பேசுவதே மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கம் நமக்கும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். காசு செலவில்லாத பாதுகாப்பு அது.

ஆனால் எல்லாவற்றையும் பயணி தலையில் கட்டவும் எனக்கு மனமில்லை. ஒரு மீட்டர் இடைவெளி விடு என்றார்கள், சரி. காலை எட்டு மணி வண்டியில் எங்கே விடுவது? இருக்கையில் 'உட்காராதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதன் முன்னால் தோளோடு தோள் உரசி நிற்போம். ஒரு மணி நேரம் தள்ளி வரட்டுமா என்று முதலாளியைக் கேட்டேன். "எல்லாரும் ஒன்பதுக்கு வர்றாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றார். எல்லாரும் ஒன்பதுக்கு வருவதுதானே பிரச்சினை! வேலை நேரத்தைப் பிரித்துவிட்டால் பெட்டியில் கூட்டம் தானாகக் குறையும். அது முதலாளிகள் கையில் இருந்தது. இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அன்றைய சம்பளம் போகும் என்று இருமிக்கொண்டே கிளம்புகிறவர்கள் எத்தனை பேர்! நேற்றைய அண்ணனும் அப்படி ஒருவராக இருக்கலாம்.

2020 ஆகஸ்ட் 1-இல் ரயிலில் முகக்கவரி கட்டாயமானது, போடாவிட்டால் 1,000 வெள்ளி அபராதம். 2023 ஜூலையில் அந்தக் கட்டாயம் போனது. திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. இருமல் இருந்தால் போடுங்கள், போட்டால் இறக்காதீர்கள், போன் வந்தால் 'ரயிலில் இருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.

பாசார் செனியில் அந்த அண்ணன் இறங்கப் போனார். போன் மறுபடி அடித்தது, கை தாடைக்குப் போனது. எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, பேசும்போதுதான் அது வேணும்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். முகக்கவரியை மூக்குவரை ஏற்றி, அதன் மேல் ஓரத்தில் இருக்கும் சின்னக் கம்பியை இரண்டு விரலால் மூக்கோடு அழுத்திவிட்டு, பிளாட்பாரத்தில் இறங்கிய பிறகுதான் போனை எடுத்தார்.