ஜினிக்கு ஆள் தெரியாது

ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணாகச் சொல்லும் ஜினி குணகம் ஒரு நாட்டில் இறங்கிவிட்டது, ஆகவே அங்கே ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்று யாராவது எழுதினால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, எதை அளந்தீர்கள் என்பதுதான். வருமானத்தையா, செலவையா, சொத்தையா? சுவீடனில் வருமானத்தை வைத்துப் போட்டால் ஜினி தாழ்வாக வரும், சொத்தை வைத்துப் போட்டால் எங்கேயோ மேலே போய்விடும். செலவை வைத்துப் போட்டால் பெரும்பாலும் எந்த நாடும் கொஞ்சம் சமமாகவே தெரியும், ஏனென்றால் பணக்காரர் சம்பாதிப்பதையெல்லாம் செலவழிப்பதில்லை, ஏழை கடன் வாங்கியாவது சாப்பிட்டாக வேண்டும்.

1912-ல் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி தந்த அளவு இது. எல்லோருக்கும் சமம் என்றால் 0, ஒருவரே அத்தனையும் அள்ளிக்கொண்டால் 1. சரி, ஒரு கணக்கு. பத்தே பேர் உள்ள நாடு, மொத்தம் 900 காசு. ஒருவர் 450 எடுத்துக்கொள்கிறார், மற்ற ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 50. இன்னொரு நாட்டில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 162, மீதி ஐந்து பேருக்கு ஆளுக்கு 18. இரண்டுக்கும் ஜினி 0.4! மேல்தட்டு 10 சதவீதத்தின் பங்கைக் கீழ்த்தட்டு 40 சதவீதத்தின் பங்கால் வகுக்கும் பால்மா விகிதம் இதைவிடத் தேவலை என்பார்கள். அதுவும் இரண்டுக்கும் 2.25 தான். (வேண்டுமென்றே பொறுக்கியெடுத்த எண்கள், ஒத்துக்கொள்கிறேன்.) 50 காசில் வாழ்கிறவரும் 18 காசில் வாழ்கிறவரும் ஒன்றா? 1970-ல் பிரிட்டிஷ் பொருளியலாளர் அட்கின்சன் முன்வைத்த அளவு எனக்குப் பிடிப்பது இதனால்தான். கீழே இருப்பவர் நிலைமையை நீங்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறீர்கள் என்பதை முதலிலேயே ஒரு எண்ணாகச் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் கணக்கு.

எனக்குப் பெரிய கோபம் வேறொரு இடத்தில். பெரும்பாலான கணக்கெடுப்புகள் வீட்டை மொத்தமாக எழுதித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகின்றன. சம்பளத்தைக் கையில் வைத்திருக்கும் கணவரும், பேருந்துக் கட்டணத்துக்கு அவரிடம் கை நீட்டும் மனைவியும் அந்தத் தாளில் சமம். பெரும் பணக்காரர் வீட்டுக் கதவோ கணக்கெடுக்கப் போகிறவருக்குத் திறப்பதே அபூர்வம், அதனால்தான் பிக்கெட்டி போன்ற பொருளியலாளர்கள் வருமான வரித் தரவைத் தேடிப் போனார்கள், அதிலும் ஒளித்து வைத்தது வராது.

இன்னொன்று, ஜினிக்கு ஆள் தெரியாது. அந்த 18 காசு ஐந்து பேரும் ஒரே இனமாக, ஒரே சாதியாக இருந்தாலும், குலுக்கலில் மாட்டிக்கொண்டவர்களாக இருந்தாலும் அதே 0.4. பொருளியலாளர் ஹென்றி தைல் தந்த ஏற்றத்தாழ்வு அளவில் குழுக்களுக்கு இடையே எவ்வளவு, குழுவுக்குள் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிடலாம். தலைப்புச் செய்தியில் மட்டும் அது வந்து நான் பார்த்ததில்லை.